நியூட்ரான் கருவிகளை அனிமேஷன்ல காட்டறது எப்படி, எங்கிருந்து ஆரம்பிக்கிறது

கேள்வி இதுதானுங்க: கோபி பக்கம் ஒரு காலேஜ்ல எம்எஸ்சி பிசிக்ஸ் எடுக்கறவங்க கேட்டிருக்காங்க, நியூட்ரான் ஸ்கேட்டரிங், அதாவது நியூட்ரானை ஒரு பொருள் மேல விட்டு அது சிதறுறதை வெச்சு அந்தப் பொருளைப் பத்தித் தெரிஞ்சுக்கற முறை, அந்த யூனிட் நடத்தும்போது போர்டுல சோர்ஸ், மானோகுரோமேட்டர், சாப்பர், சாம்பிள், டிடெக்டர்னு வரிசையா பெட்டி போட்டு நடுவுல ஒரு அம்புக்குறி இழுத்துடறோம், பசங்களும் அதை அப்படியே பரிட்சையில வரைஞ்சு மார்க் வாங்கிடறாங்க, ஆனா சாப்பரை எடுத்துட்டா என்ன ஆகும்னு கேட்டா முழிக்கறாங்க. கையில நகர்த்திப் பார்க்கற மாதிரி அனிமேஷன் செஞ்சா உதவுமா, எந்தக் கருவியில ஆரம்பிக்கலாம், என்ன தப்பு பண்ணக்கூடாது.

உதவுமுங்க, நெம்பவே உதவும். நான் பிஎச்டிக்காக மும்பை ட்ராம்பேல துருவா ரியாக்டர்ல, படிகத்துல நியூட்ரான் எந்தக் கோணத்துல சிதறுதுன்னு அளக்கற டிஃப்ராக்டோமீட்டர் முன்னாடி நெறைய ராத்திரி உக்கார்ந்தவன், இப்ப கோயமுத்தூர்ல வாத்தியார் வேலை, என் கிளாஸுக்காக இந்த மாதிரி அனிமேஷனை ஒவ்வொண்ணா செஞ்சு செஞ்சு பார்த்துட்டு வர்றேன். அதனால எது வேலை செஞ்சுது எது செய்யலைன்னு கொஞ்சம் விரிவாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த அம்புக்குறியைப் பத்தி. பசங்க மனசுல இருக்கற தப்பு எல்லாமே அங்கிருந்துதான் வருது. சோர்ஸ்ல கிளம்புன நியூட்ரான் ஒவ்வொரு பெட்டியா நுழைஞ்சு, கன்வேயர் பெல்ட்ல பனியன் போற மாதிரி, கடைசில டிடெக்டருக்கு வந்து சேருதுன்னு அவங்க நெனச்சுக்கறாங்க. நிஜத்துல ஒவ்வொரு பெட்டியோட வேலையும் வேண்டாததைத் தூக்கிப் போடறது. மானோகுரோமேட்டர் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி விட்டுட்டு மத்ததையெல்லாம் நேரா போக விட்டுடும், அது சுவர்ல போய் சாகும். கொலிமேட்டர் கோணலா வர்றதைத் தின்னுடும். சாப்பர்ங்கறது ஓரத்துல ஒரு வெட்டு போட்ட சுத்தற தட்டு, அது நேரம் தப்பி வர்றதைத் தடுத்துடும். அதனால உங்க அனிமேஷன்ல சாகற நியூட்ரான் கண்ணுக்குத் தெரியோணும், எங்க எதுக்காக செத்துதுன்னும் தெரியோணும். நான் செத்த இடத்துல ஒரு சின்ன சாம்பல் புள்ளி விட்டுடுவேன், அது அங்கயே இருக்கும், ஒரு நிமிஷம் ஓடுனா சாப்பர் மேலயும் கொலிமேட்டர் மேலயும் புள்ளி குவிஞ்சு கெடக்கும், டிடெக்டர்ல பத்தோ பதினஞ்சோதான் இருக்கும். ஒரு ஸ்கேன் எடுக்க ஏன் ராத்திரி பூரா ஆகுதுன்னு அதைப் பார்த்தாலே புரிஞ்சுடும், வாயால சொல்லவே வேண்டாம்.

எந்தக் கருவியில ஆரம்பிக்கறதுன்னா, என் முடிவு டைம் ஆஃப் ஃப்ளைட், அதாவது நியூட்ரான் ஒரு தூரத்தைத் தாண்ட எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு அளக்கற கருவி. அங்க நடக்கற எல்லாமே நேரத்தோட விளையாட்டு, நிக்கற படத்துல அதைக் காட்டவே முடியாது. மூணு கோணத்தைத் திருப்பி அளக்கற ட்ரிபிள் ஆக்சிஸ் கருவியைக் கூட போர்டுல ஓரளவுக்கு ஒப்பேத்திடலாம், சாப்பரை ஒப்பேத்த முடியாதுங்க.

கணக்கு பெருசா ஒண்ணும் இல்லை. நியூட்ரானோட வேகத்துக்கும் அலைநீளத்துக்கும் நேரடி உறவு இருக்கு, 3956-ஐ ஆங்ஸ்ட்ராம்ல (ஒரு மீட்டர்ல ஆயிரம் கோடில ஒரு பங்கு) இருக்கற அலைநீளத்தால வகுத்தா வேகம் செகண்டுக்கு இத்தனை மீட்டர்னு வந்துடும். ரூம் வெப்பநிலை நியூட்ரான் சுமார் 1.8 ஆங்ஸ்ட்ராம், அப்ப வேகம் 2200 மீட்டர். அதையே நேரமா மாத்துனா, ஒரு மீட்டருக்கு ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு 252.8 மைக்ரோ செகண்ட். 20 மீட்டர் தூரத்தை 1.8 ஆங்ஸ்ட்ராம் நியூட்ரான் 9.1 மில்லி செகண்ட்ல தாண்டிடும், 4 ஆங்ஸ்ட்ராம் நியூட்ரானுக்கு 20.2 மில்லி செகண்ட் ஆகும். சோர்ஸ் விட்டு விட்டு அடிக்கறதுல ஒரே அடியில, அதான் ஒரே பல்ஸ்ல, ஒட்டுக்கா கிளம்புனதுங்க வழியில தானாவே பிரிஞ்சு வரிசையா நிக்குது, எப்ப வந்துதுன்னு பார்த்தா என்ன அலைநீளம்னு தெரிஞ்சுடுது. அவ்வளவுதான் தத்துவம்.

இங்கதான் நான் முதல்ல ஒரு தப்பு பண்ணேன், நீங்க பண்ணிடாதீங்க. சாப்பர் சக்கரம் சும்மா அழகா சுத்தட்டும்னு ஒரு வேகம் வெச்சேன், நியூட்ரான் புள்ளிகளுக்கு கண்ணுக்குத் தெரியற மாதிரி வேற ஒரு வேகம் வெச்சேன், ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா வெட்டு மேல இல்லாத நேரத்துலயும் நியூட்ரான் உள்ள புகுந்து போச்சு. முன் பெஞ்சுல இருந்த ஒரு பையன் அதைப் பார்த்துட்டு, அப்ப சாப்பர் மூடியிருந்தாலும் சிலது போகுமாங்க சார்னு கேட்டான். அவன் பார்த்தது சரி, நான் காட்டுனதுதான் தப்பு. திரையில ஓடற எல்லாத்துக்கும் ஒரே கடிகாரம் இருக்கோணும், அந்தக் கடிகாரத்தை மட்டும் மெதுவா ஓட்டுங்க. 200 மடங்கு மெதுவாக்குனா 50 ஹெர்ட்ஸ் சாப்பர் ஒரு சுத்துக்கு 4 செகண்ட் எடுக்கும், 20 மீட்டரை 1.8 ஆங்ஸ்ட்ராம் நியூட்ரான் 1.8 செகண்ட்ல தாண்டும், கண்ணால பின்தொடர சரியா இருக்கும். மூலையில "200 மடங்கு மெதுவாக" அப்படின்னு எழுதியும் வெச்சுடுங்க. நிஜ வேகத்துலயே சுத்த விட்டுப் பார்க்கலாம்னு யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்க, பல ஃபோன் திரை செகண்டுக்கு 60 தடவைதான் படத்தை மாத்துது, செகண்டுக்கு 60 சுத்து சுத்தற சக்கரம் அதுல அசையாம நிக்கற மாதிரி தெரியும், கொஞ்சம் குறைச்சா பின்னாடி சுத்தற மாதிரி தெரியும்.

புரோகிராம் எழுதறவங்களுக்கு ஒரு விஷயம். நியூட்ரானை ஃபிரேமுக்கு ஃபிரேம் கொஞ்சம் கொஞ்சமா தள்ளாதீங்க. பசங்க ஃபோன் எல்லாம் ஒரே வேகத்துல ஓடாது, ஒருத்தன் ஃபோன்ல சிக்கும், இன்னொருத்தன் ஃபோன்ல பறக்கும், ரெண்டுலயும் வேற வேற விடை வந்துடும். அதுக்கு பதிலா நியூட்ரான் பொறக்கும்போதே அதோட அலைநீளத்தை வெச்சு, ஒவ்வொரு சாப்பருக்கும் எப்ப போய்ச் சேரும், அந்த நேரத்துல வெட்டு திறந்திருக்குமா மூடியிருக்குமான்னு கணக்குப் போட்டு அதோட தலையெழுத்தை முதல்லயே முடிவு பண்ணிடுங்க. அப்புறம் வரையும்போது இப்ப மணி என்ன, அப்ப அது எந்த இடத்துல இருக்கோணும்னு மட்டும் கேட்டு புள்ளி வெச்சா போதும். இதுல இன்னொரு லாபம், நேரத்தை ஸ்லைடர்ல முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துப் பார்க்கலாம், செத்த நியூட்ரானை பின்னாடி இழுத்துட்டுப் போய் அது எதுல மாட்டுச்சுன்னு காட்டலாம். என் பசங்க அதிகமா தொடறது அந்த ஸ்லைடரைத்தான். ஒரு பல்ஸுக்கு 200, 300 புள்ளிக்கு மேல வேண்டாம், அதுக்கு மேல போனா திரை வெறும் புகையாயிடும்.

சாப்பரோட கோணம், அதான் ஃபேஸ், அதைப் பசங்க கையில குடுத்துடுங்க. சாப்பர்ங்கறது ஒரு வட்டத்தட்டு, நியூட்ரானை விழுங்கற காடோலினியமோ போரானோ பூசினது, ஓரத்துல ஒரு வெட்டு. அது சோர்ஸ்லருந்து 8 மீட்டர்ல இருக்குதுன்னு வெச்சுக்குங்க, உங்களுக்கு 2 ஆங்ஸ்ட்ராம் வேணும். அது அங்க வர 4.04 மில்லி செகண்ட் ஆகும். 50 ஹெர்ட்ஸ்ல சுத்தற தட்டு மில்லி செகண்டுக்கு 18 டிகிரி திரும்பும், அப்ப பல்ஸ் அடிச்சதுலருந்து தட்டு சுமார் 73 டிகிரி திரும்புனதும் வெட்டு பீம் வழிக்கு நேரா வரோணும். இந்த 73-ஐ நீங்க சொல்லாதீங்க. ஸ்லைடரை சுழியில வெச்சுக் குடுங்க, டிடெக்டர்ல ஒண்ணும் வராது, சாப்பர் மேல மட்டும் சாம்பல் புள்ளியா குவியும். முதல்ல பேப்பர்ல எத்தனை டிகிரின்னு கணக்குப் போட்டு எழுத வைங்க, அப்புறம் இழுக்கச் சொல்லுங்க. எழுதாம இழுத்தா சும்மா ஆட்டிப் பார்த்து கண்டுபிடிச்சுடுவாங்க, மனசுல நிக்காது.

எங்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு, சோமனூர் பக்கம், வீட்டுலயே தறி ஓட்டறவங்க. அந்த ஸ்லைடரை அங்கயும் இங்கயும் இழுத்துட்டு இருந்தவ, ஒரு இடத்துல நிறுத்தி, "சார் இது நாடா மாட்டற மாதிரியே இருக்குதுங்க"ன்னா. விசைத்தறியில பாவு நூல் மேலயும் கீழயும் பிரிஞ்சு வாய் திறக்கும், அந்த நேரத்துக்குள்ள நாடா இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் பறந்து போய் சேர்ந்துடோணும், வாய் மூடற நேரம் ஒரு துளி முந்திட்டா நாடா உள்ளயே மாட்டிக்கிட்டு நூல் பூரா அறுந்துடும். அவங்கப்பா ஸ்பேனர் எடுத்துட்டு தறியோட டைமிங்கை சரி பண்றதை சின்ன வயசுலருந்து பார்த்தவ. சாப்பர் ஃபேஸ் அவளுக்கு அன்னைக்கு ஒரு நிமிஷத்துல புரிஞ்சுது, நான் அதுக்கு முன்னாடி ரெண்டு கிளாஸ் பேசியிருந்தேன். அதுக்கப்புறம் நான் பாடத்தையே தறியிலருந்துதான் ஆரம்பிக்கறேன், நம்ம பக்கம் பாதிப் பசங்களுக்கு தறி தெரியும். ஒண்ணே ஒண்ணு மட்டும் சேர்த்துச் சொல்லிடோணும், தறியில நாடா ஒரே வேகத்துல போகும், இங்க பல வேகத்துல ஒரு கூட்டமே வருது, அதுல நமக்கு வேணும்கற வேகத்தை வாய் திறக்கற நேரம்தான் பொறுக்கி எடுக்குது.

அடுத்த ஸ்லைடர் வெட்டோட அகலம். 10 டிகிரி வெட்டுன்னா 0.56 மில்லி செகண்ட் திறந்திருக்கும், அந்த 8 மீட்டர்ல அது அலைநீளத்துல ஏறக்குறைய 0.27 ஆங்ஸ்ட்ராம் அகலம். 5 டிகிரியாக்குனா 0.14 ஆகும், துல்லியம் ரெட்டிப்பாகும், ஆனா வர்ற நியூட்ரான் பாதியாயிடும். துல்லியமும் எண்ணிக்கையும் ஒண்ணை ஒண்ணு இழுக்கறது, நியூட்ரான் கருவி செய்யற எல்லாரும் வாழ்க்கை பூரா போடற கணக்கு அதுதான். ஒரே ஸ்லைடர்ல கண்ணு முன்னாடி நடக்கும்போது அது ஆழமா இறங்கும். டிடெக்டர் கிராஃபை பக்கத்துலயே வெச்சுடுங்க, பீக் ஒல்லியாகும்போதே அதுல விழற மொத்த எண்ணிக்கையும் குறையறது தெரியோணும், ஒவ்வொரு தடவையும் அளவை தானா சரி பண்ணிக்கற கிராஃப் போட்டீங்கன்னா இந்த முக்கியமான விஷயம் மறைஞ்சே போயிடும்.

இப்ப இந்தப் பாடத்தோட உயிர்நாடி. ஓடற படத்துக்குக் கீழ ஒரு தூரம்-நேரம் வரைபடம் இருந்தே ஆகோணும். ரயில்வே கண்ட்ரோலருங்க வைக்கற சார்ட் பார்த்திருக்கீங்களா? கீழ நேரம், பக்கவாட்டுல ஈரோடு, பெருந்துறை, ஊத்துக்குளி, திருப்பூர், சோமனூர், இருகூர், கோயமுத்தூர்னு ஸ்டேஷன் வரிசை, ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்வுக் கோடு. எக்ஸ்பிரஸ்னா கோடு செங்குத்தா ஏறும், பாசஞ்சர்னா சாய்ஞ்சு படுத்திருக்கும். நியூட்ரானுக்கும் அதே சார்ட்தான், ஸ்டேஷனுக்கு பதிலா சாப்பர், சாம்பிள், டிடெக்டர். சாப்பர் இருக்கற உயரத்துல ஒரு படுக்கைக் கோடு, திறந்திருக்கற நேரத்துல மட்டும் அதுல சின்ன இடைவெளி. இடைவெளி வழியா போற கோடு மேல போகும், மத்தது அங்கயே முட்டி நின்னுடும். மேல படத்துல ஒரு புள்ளியைத் தொட்டா கீழ அதோட கோடு பளிச்சுன்னு தெரியோணும், கீழ கோட்டைத் தொட்டா மேல புள்ளி தெரியோணும். ரெண்டும் ஒண்ணுதான்னு பசங்களுக்கு பழகிடுச்சுன்னா அப்புறம் அனிமேஷனே தேவையில்லை, ஆராய்ச்சிக் கட்டுரையில வர்ற வரைபடத்தை நேராவே படிச்சுடுவாங்க.

அந்த சார்ட் வந்ததும் ஃபிரேம் ஓவர்லேப், அதாவது ஒரு பல்ஸோட நியூட்ரான் அடுத்த பல்ஸோடதுல கலந்துடற பிரச்சினை, தானா வந்து நிக்கும். இங்கிலாந்துல இருக்கற ஐசிஸ் சோர்ஸ் 50 ஹெர்ட்ஸ், அதாவது 20 மில்லி செகண்டுக்கு ஒரு பல்ஸ். டிடெக்டர் 20 மீட்டர்ல இருந்தா, 4 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல இருக்கற மெதுவான நியூட்ரான் வந்து சேர்றதுக்குள்ள அடுத்த பல்ஸ் அடிச்சுடும், அதுல வர்ற வேகமான நியூட்ரானும் இதுவும் ஒரே நேரத்துல டிடெக்டரைத் தொடும். பாசஞ்சரை பின்னாடி வந்த எக்ஸ்பிரஸ் புடிச்சுடற கதை, ஆனா இங்க ஒதுங்கி நிக்க லூப் லைன் கெடையாது. எந்த வண்டியில வந்ததுன்னு டிடெக்டருக்குத் தெரியாது. இந்தப் பிரச்சினையை நீங்க சொல்லிக் குடுக்காம, தூரத்தை நீட்டற ஒரு ஸ்லைடர் மட்டும் வெச்சுடுங்க. தூரத்தை நீட்டுனா துல்லியம் கூடும்னு பசங்க ஆசையா நீட்டுவாங்க, 100 மீட்டருக்குப் போனதும் சார்ட்ல கோடெல்லாம் பின்னிக்கும், குழப்பம் இல்லாம பார்க்கக்கூடிய அலைநீள அகலம் 0.8 ஆங்ஸ்ட்ராமுக்கும் கீழ போயிடும். ஸ்வீடன்ல லுண்ட் ஊர்ல கட்டற ஈஎஸ்எஸ்ங்கற நியூட்ரான் சோர்ஸ் ஏன் 14 ஹெர்ட்ஸ்னு மெதுவா அடிக்கற மாதிரி திட்டம் போட்டாங்கன்னு அப்ப கேளுங்க, நெறைய பசங்க சார்ட்டைப் பார்த்தே பதில் சொல்லிடுவாங்க.

ட்ரிபிள் ஆக்சிஸுக்கு வேற மாதிரி யோசிக்கோணும். அங்க நேரம் முக்கியமில்லை, மூணு கோணம்தான் எல்லாம். இதைக் கனடாவுல சாக் ரிவர்ல உருவாக்குன பிராக்ஹவுஸுக்கு 1994-ல நோபல் கெடைச்சுது, டிஃப்ராக்‌ஷன் பக்கம் ஓக் ரிட்ஜ்ல வேலை செஞ்ச ஷல்லோட பகிர்ந்துக்கிட்டார். பிராக்ஹவுஸோட சேர்ந்து ஜெர்மேனியத்துல அணுக்களோட அதிர்வை அளந்தவர் நம்ம திருநெல்வேலியில பொறந்த பி.கே. ஐயங்கார், அப்புறம் ட்ராம்பேக்குத் திரும்பி அங்க நியூட்ரான் ஸ்கேட்டரிங்கை வளர்த்தவரும் அவர்தான், இதை கிளாஸ்ல கட்டாயம் சொல்லுங்க. அனிமேஷன்ல கையை, அதாவது டிடெக்டர் இருக்கற ஆர்மை, விரலால புடிச்சுத் திருப்ப வைங்க, பக்கத்துல உள்ள போற அலை வெக்டர், வெளிய வர்றது, ரெண்டுக்கும் வித்தியாசம் மூணும் சேர்ந்த முக்கோணம் கூடவே மாறோணும். கிராஃபைட் மானோகுரோமேட்டர்ல 2.36 ஆங்ஸ்ட்ராம் எடுக்க ரெண்டு தீட்டா, அதாவது பீம் திரும்பற கோணம், சுமார் 41 டிகிரி வரும், ஆனா அதே கோணத்துல அதுல பாதி 1.18 ஆங்ஸ்ட்ராமும் நல்ல பிள்ளையா கூடவே வந்துடும். அந்த பாதி அலைநீளத்தை அனிமேஷன்ல மறைச்சுடாதீங்க. அது இல்லாத இடத்துல ஒரு பொய் பீக் காட்டும், ஃபில்டர் பட்டனை அமுக்குனா மறையும். நிஜ பீம்லைன்ல இந்தப் பொய் பீக்கை நம்பி நாள் கணக்கா நேரம் போக்குனவன் நான், அதனால சொல்றேன்.

சாம்பிள் கிட்ட வந்ததும் படத்தோட பாஷையே மாறோணும், இதை நெறைய அனிமேஷன்ல தப்பா பார்க்கறேன். வழியில பறக்கும்போது நியூட்ரானை கோலிக்குண்டா காட்டறது சரி. படிகத்துக்குள்ள போய் ஒரு அணு மேல மோதி கேரம் காய் மாதிரி திரும்பற மாதிரி காட்டினா அது பொய். அங்க ஒரே நியூட்ரான் அலையா பல அணு மேல ஒட்டுக்கா சிதறி, தன்னோட தானே குறுக்கிடுது. நான் சாம்பிளை நெருங்குனதும் புள்ளியை அலைக்கோடா விரிச்சுடுவேன், ஒவ்வொரு அணுவுலருந்தும் வட்டமா அலை கிளம்பும், சேர்ற திசையில பலமாகும், மத்த திசையில அழிஞ்சுடும், ஆனா டிடெக்டர்ல பதியறது மறுபடியும் ஒரே ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியா விழுந்து கொஞ்சம் கொஞ்சமா பீக் எழும்பறதை பார்க்க விடுங்க, அவசரப்படுத்தாதீங்க. கூட்டமா வந்து ஒண்ணோடொண்ணு மோதித்தான் இப்படி ஆகுதான்னு யாராவது கேட்பாங்க. அதுக்கு ஒரு கணக்கு வெச்சுக்குங்க, சதுர சென்டிமீட்டருக்கு செகண்டுக்கு ஒரு கோடி நியூட்ரான் வர்ற பீம்ல கூட, 2200 மீட்டர் வேகத்துல, ஒரு கன சென்டிமீட்டர்ல எந்த நேரத்துலயும் இருக்கறது சுமார் 45 தான். பீம்ங்கறது நெனைக்கறதை விட வெறிச்சோடிக் கெடக்கற இடம்.

சின்னக் கோணத்துல சிதறுறதை அளக்கற ஸ்மால் ஆங்கிள் கருவிக்கு நான் வெச்ச ஒரு ஸ்லைடர் பசங்களுக்கு நெம்பப் புடிச்சுது, புவியீர்ப்பு. 10 ஆங்ஸ்ட்ராம் நியூட்ரான் செகண்டுக்கு 396 மீட்டர்தான், 40 மீட்டர் போறதுக்குள்ள 5 சென்டிமீட்டர் கீழ விழுந்துடும். நியூட்ரானும் மாங்கா மாதிரி விழுது. நியூட்ரானோட ஸ்பின் சுத்தறதை வெச்சு அளக்கற ஸ்பின் எக்கோ கருவி பத்தி இங்க விரிவா எழுதலை, அது தனிப் பதில் கேட்கும், ஆனா அனிமேஷன் இல்லாம அதை நடத்தவே கூடாதுங்கறது என் கருத்து, காந்தப்புலத்துல சுத்தற ஸ்பின்னை சாக்பீஸ்ல காட்ட முடியாது.

பசங்களுக்கு இதெல்லாம் எங்கயோ வெளிநாட்டு சமாச்சாரம்னு தோணக்கூடாது. கல்பாக்கத்துல காமினின்னு 30 கிலோவாட் ரியாக்டர் இருக்கு, யுரேனியம் 233-ல ஓடறது, அங்க நியூட்ரான் ரேடியோகிராஃபி செய்யறாங்க, ராக்கெட்ல வைக்கற சின்ன வெடி சாதனங்களுக்குள்ள மருந்து சரியா இருக்குதான்னு உலோகத்தை ஊடுருவிப் பார்க்கறாங்க. இதுக்கு நான் செஞ்சது நெம்ப எளிமையான ஒண்ணு: ஒரு பம்பு படம், அலுமினிய கவர், உள்ள ரப்பர் வாஷர், ஒரு மூலையில ஈயக்கட்டி. எக்ஸ்ரே பட்டனை அமுக்குனா ஈயம் கருப்பா நிக்கும், ரப்பர் காணாம போயிடும், நியூட்ரான் பட்டனை அமுக்குனா ஈயம் கண்ணாடியாயிடும், ரப்பர் கருப்பா எழுந்து வரும், ஏன்னா ரப்பர்ல ஹைட்ரஜன் நெறைய. நம்ம ஊருல பம்பு பார்க்காத பையன் யாரு.

செய்யற முறை பத்தி. எல்லாத்தையும் ஒரே எச்டிஎம்எல் ஃபைல்ல அடக்கிடுங்க, கேன்வாஸும் சாதா ஜாவாஸ்கிரிப்டும் போதும், வாட்ஸ்அப்ல அனுப்புனா நெட் இல்லாமலும் ஃபோன்ல திறக்கோணும். ஒரு திரையில ஒரே நேரத்துல ஸ்லைடர் மூணுக்கு மேல வேண்டாம். எழுத்தெல்லாம் தமிழ்ல வைங்க, ஃபேஸ், சாப்பர் மாதிரி வார்த்தையை அப்படியே தமிழ் எழுத்துல விட்டுடுங்க, புதுசா மொழிபெயர்த்து அவங்களை இன்னொரு தடவை குழப்ப வேண்டாம். வேகத்தைக் காட்ட நிறம் மட்டும் போதாது, சிவப்பு பச்சை பிரிச்சுப் பார்க்க முடியாத பசங்க கிளாஸ்ல இருப்பாங்க, மெதுவானதை கொஞ்சம் பெரிய புள்ளியா போட்டுடுங்க. இது பழகுன பசங்களுக்கு அடுத்த படியா மெக்ஸ்டாஸ்ங்கற நியூட்ரான் கருவி சிமுலேஷன் மென்பொருளைக் காட்டுங்க, 1998-ல டென்மார்க்ல ரிசோ ஆய்வகத்துலருந்து வந்தது, இலவசம், கருவி வடிவமைக்கறவங்களே நிஜமா பயன்படுத்தறது. ஆனா அதை முதல் நாள்ல குடுத்துடாதீங்க, எண்ணைக் கொட்டும், ஏன்னு சொல்லாது.

நீங்க முதல்ல செய்ய வேண்டியது ஒரு பல்ஸ், ஒரு சாப்பர், ஒரு டிடெக்டர், கீழ அந்த ரயில் சார்ட். ஒரு வாரம் சாயங்காலம் உக்கார்ந்தா முடிஞ்சுடும். முடிச்சதும் நீங்களே கிளாஸ்ல ஓட்டிக் காட்டாதீங்க, ரெண்டு ரெண்டு பேரா ஃபோன்ல குடுத்து, 2 ஆங்ஸ்ட்ராமை மட்டும் டிடெக்டருக்கு கொண்டு வாங்கன்னு சொல்லிட்டு நீங்க பின்னாடி போய் நின்னுக்குங்க. எங்க சிக்கறாங்க, எதைப் பார்த்து நெத்தியைச் சுருக்கறாங்கன்னு குறிச்சு வைங்க. ரெண்டாவது சாப்பரை எப்படி சேர்க்கறதுன்னு அந்தக் குறிப்பை வெச்சு பேசலாம், கேளுங்க, எழுதறேன்.